ஓர் எருக்கஞ்செடி போதும்: கோடையில் வீட்டருகே பூ, பூச்சி, பறவை பார்க்கத் தொடங்குவது

எருக்கஞ்செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பங்குனி பிறந்து, புல்லெல்லாம் காய்ந்து, வேலியோரக் கொடிகள் சுருண்டுபோன பிறகும், விற்காமல் கிடக்கும் காலி மனைகளின் ஓரத்தில் அது தடித்த இலைகளோடு நின்றுகொண்டிருக்கும். கொத்துக் கொத்தாகப் பூத்தும் இருக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப் பறிக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அதன் பக்கம் போவதில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று குழந்தைகளையும் விரட்டிவிடுவோம். அந்த எச்சரிக்கை நியாயமானதுதான், எருக்கம்பால் கண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்து. ஆனால் இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இயற்கையைக் கவனிக்கத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் இந்தச் செடிதான்.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறார்கள். இன்றைக்கு எத்தனை பறவை பார்த்தோம், எத்தனை பட்டாம்பூச்சிக்குப் பெயர் தெரிந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். அது ஒரு விளையாட்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டருகே அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். காகம், மைனா, அணில், நாலைந்து பட்டாம்பூச்சி, அப்புறம் சலிப்பு. இதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. ஒரு செடியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதன் முன்னால் கால் மணி நேரம் நின்று, மூன்றே கேள்விகள் கேட்பது. யார் வருகிறார்கள்? எதற்காக வருகிறார்கள்? வந்ததால் செடிக்கு லாபமா நஷ்டமா? பெயர் தெரியாமலே இந்த மூன்றுக்கும் பதில் தேடலாம். பதில் கிடைக்கக் கிடைக்கப் பெயர் தானாகவே தேவைப்படும்.

இதற்குக் கோடைதான் நல்ல காலம் என்பேன். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் மே மாதம் வெளியே நிற்பதே தண்டனை, இதில் வேடிக்கை வேறா என்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்த பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரலுக்குள் திரும்பிப் போய்விடும். மிச்சம் இருப்பவை நம் தெருவிலேயே ஆண்டு முழுதும் வாழ்பவை. குழப்பம் குறைவு. அவற்றில் பலவும் இந்த மாதங்களில்தான் கூடு கட்டுகின்றன, அதனால் ஒளியாமல் பரபரவென்று திரிகின்றன. பூவோ குறைவு, ஆகவே பூத்திருக்கும் சில செடிகளில் பூச்சிகளெல்லாம் வந்து குவிகின்றன. மழைக்காலத்தில் எங்கே பார்ப்பது என்று திணறுவோம். கோடையில் அந்தத் திணறல் இல்லை.

சரி, எருக்குக்கு வருவோம்.

பூவை உற்றுப் பாருங்கள். வெளியே மடிந்த ஐந்து இதழ்கள், நடுவில் ஐந்து மடல்களோடு நிமிர்ந்து நிற்கும் கிரீடம். செம்பருத்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டுமே, எருக்கில் அப்படிப் பொடி கிடையாது. மகரந்தம் முழுவதும் சின்னஞ்சிறு பைகளாகக் கட்டப்பட்டு, இரண்டிரண்டு பைகளாக ஒரு கவ்வியில் கோக்கப்பட்டு, நடுப்பகுதியின் பக்கவாட்டுப் பிளவுகளுக்குள் இருக்கிறது. தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் அந்தப் பிளவில் வழுக்கி மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுக்கும்போது கவ்வி காலைப் பிடித்துக்கொள்ள, பைகளும் கூடவே வந்துவிடும். அதே கால் இன்னொரு பூவின் பிளவில் நுழைந்து பையை விட்டுவிட்டு வந்தால்தான் காய் பிடிக்கும். இவ்வளவு சிக்கலான ஏற்பாடு என்பதால்தான் ஒரு செடியில் அத்தனை பூ இருந்தும் காய் சிலதே தொங்குகிறது. அந்த இரட்டைக் காய்கள் முற்றி வெடித்துப் பஞ்சோடு விதை பறப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லாப் பூச்சிக்கும் இப்படி இழுத்து விடுபடும் பலம் கிடையாது. எருக்கின் முக்கியமான வாடிக்கையாளர் கருவண்டு. கட்டைவிரல் பருமன், கறுப்பு உடம்பு, வெயிலில் நீலமும் ஊதாவும் மின்னும் இறக்கை, காதருகே வந்தால் பயமுறுத்தும் ரீங்காரம். வண்டு என்று சொன்னாலும் இது தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது. கூட்டமாகக் கூடு கட்டாது. காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டு உள்ளே முட்டையிடும். பழைய வீட்டு உத்திரத்தில் அச்சு வைத்ததுபோல் ஒரு வட்ட ஓட்டையும் கீழே தரையில் மரத்தூளும் இருந்தால் அது இதன் வேலை. கையில் பிடித்து நசுக்காதவரை கொட்டுவது அபூர்வம். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. எருக்கம்பூவில் அது தொங்கும்போது கால்களைப் பாருங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கால் நுனியில் மஞ்சளாக ஏதாவது தொங்கினால் நீங்கள் பார்ப்பது அந்த மகரந்தப் பைகளைத்தான்.

மேலே பூவில் இந்த வியாபாரம் நடக்க, கீழே இலையில் வேறு கதை. வெந்தய வரியன் என்றொரு பட்டாம்பூச்சி. வெந்தய நிறத்தில் ஆரஞ்சு இறக்கை, முனையில் கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. நகரத்திலும் சாதாரணமாகத் தென்படும், அவசரமே இல்லாமல் தாழப் பறக்கும். அது எருக்கிலைக்குக் கீழே வந்து வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகும். சில நாள் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தால் (குச்சியால் திருப்புங்கள், கையால் வேண்டாம்) கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் போட்ட புழு இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு. ஆடுமாடு ஒதுங்கிப் போவது அதனால்தான். இந்தப் புழுவோ அந்த நச்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. புழு பட்டாம்பூச்சியான பிறகும் நச்சு உடம்பில் இருக்கும். ஒரு முறை தின்று வாந்தி எடுத்த பறவை அடுத்த முறை அந்த நிறத்தைக் கண்டாலே விட்டுவிடும். மெதுவாகப் பறப்பதன் ரகசியம் இதுதான், அதைத் துரத்த யாரும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் நீங்கள் பார்க்கும் வெந்தய வரியன் வெந்தய வரியனாகவே இல்லாமல் போகலாம். இன்னொரு பட்டாம்பூச்சி இனத்தில் பெண் மட்டும் அச்சு அசலாக இதைப்போலவே நிறம் கொண்டிருக்கும். அதன் உடம்பில் நச்சு இல்லை, வேஷம் மட்டும்தான். அதன் புழு தின்பது எருக்கை இல்லை, தரையோடு படரும் பருப்புக்கீரை போன்றவற்றை. ஆணைப் பார்த்தால் உறவு என்றே சொல்ல மாட்டோம். கறுப்பு இறக்கையில் பெரிய வெள்ளை வட்டங்கள், சுற்றி நீலப் பளபளப்பு. அசலையும் வேஷத்தையும் பிரிக்கப் பின் இறக்கையைப் பாருங்கள். அசலில் நடுவே மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்கும். வேஷக்காரியில் மேல் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. பறவைக்கு இந்த வித்தியாசத்தைச் சரிபார்க்க நேரம் இருப்பதில்லை.

எருக்கின் இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்த்திருக்கும். அவை சாறு உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியே விடும், அதற்காக எறும்பு சுற்றி நிற்கும். அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். பொறிவண்டின் குட்டிப் பருவத்தைப் பலர் பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அது உருண்டையாக இருக்காது, நீளமாக, சொரசொரப்பாக, ஆறு கால்களோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீலமும் மஞ்சளும் வரிவரியாகப் பூசிய எருக்கு வெட்டுக்கிளியும் கிடைக்கும். அதுவும் இந்த நச்சைத் தின்று வாழும் கூட்டம்தான். அதன் குஞ்சைச் சீண்டினால் ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். சீண்ட வேண்டாம்.

ஒரு செடியிலேயே இத்தனை. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் போதாது.

கருவண்டை இன்னும் கொஞ்சம் பின்தொடருங்கள். எருக்கில் அதற்குத் தேன் கிடைக்கிறது. ஆனால் குஞ்சுகளை வளர்க்க மகரந்தமும் வேண்டும், எருக்கோ அதைப் பைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அதனால் அது சரக்கொன்றைக்கும் ஆவாரைக்கும் போகிறது. சரக்கொன்றை சித்திரையில் இலை உதிர்த்து மஞ்சள் சரமாகத் தொங்கும். சாலையோரத்தில், பள்ளிக்கூட வளாகத்தில், கோயில் நந்தவனத்தில் எங்காவது ஒன்று கண்ணில் படும். அந்தப் பூவை ஒன்று எடுத்துப் பாருங்கள் (கீழே உதிர்ந்ததே போதும்). மகரந்தத் தாள் பத்து இருக்கும், பத்தும் ஒரே அளவில்லை. மூன்று நீளமாக வளைந்து வெளியே நீட்டியிருக்கும், மற்றவை குட்டையாக நடுவில் இருக்கும். வண்டு நடுவிலுள்ளவற்றைப் பிடித்துக்கொண்டு மகரந்தம் எடுக்கிறபோது, நீண்ட மூன்றும் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. சாப்பாட்டுக்கு ஒரு பங்கு, அனுப்பி வைக்க ஒரு பங்கு.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இன்னொன்றும் பிடிபடும். ஆவாரையிலும் கொன்றையிலும் மகரந்தப் பை வாய் திறந்து கொட்டுவதில்லை, பெரும்பாலும் சின்னத் துளை வழியாகத்தான் வெளிவரும். வண்டு பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிர விடுகிறது. அதிர்வில் மகரந்தம் துளை வழியே தெறிக்கிறது. வண்டு பறக்கும்போது ஒரு ஸ்வரம், பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று உச்சத்துக்கு ஏறும் இன்னொரு ஸ்வரம். கண்ணை மூடிக்கொண்டே எப்போது வண்டு பூவில் இருக்கிறது, எப்போது பறக்கிறது என்று சொல்லிவிடலாம். மொட்டை மாடியில் தக்காளிச் செடி வைத்திருப்பவர்களுக்கும் இது உபயோகமான செய்தி. தக்காளிப் பூவும் கத்திரிப் பூவும் இதே வகைதான், அதிர்த்தால் காய்ப்பு கூடும்.

எருக்கும் இல்லை, கொன்றையும் இல்லை, அடுக்குமாடியில் இருக்கிறேன் என்பவர்கள் நடைபாதை விளிம்பைப் பார்க்கலாம். மூக்குத்திப்பூ எங்கும் முளைத்திருக்கும். வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வார்கள். நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, சுற்றி வெள்ளை, நடுவில் மஞ்சள். ‘தாத்தா தாத்தா தலையைக் கொடு’ என்று பாடிக்கொண்டே சுண்டிவிட்டு விளையாடியது இதன் தலையைத்தான். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு பூ இல்லை, பல பூக்கள் கூடிய கொத்து. ஓரத்தில் வெள்ளையாக இருக்கும் ஒவ்வோர் இதழும் ஒரு பூ. நடுவிலுள்ள மஞ்சள் குழாய்கள் ஒவ்வொன்றும் ஒரு பூ. சூரியகாந்தியும் செவ்வந்தியும் இதே குடும்பம், இதே கணக்கு. இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. ஆனாலும் நம் ஊரின் நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகள் அதை விருந்தாகவே எடுத்துக்கொண்டன. முட்டி போட்டு உட்கார்ந்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். இறக்கையை மூடினால் சாம்பல், திறந்தால் நீலம்.

அதே அமெரிக்கப் பூர்வீகம்தான் உண்ணிச்செடிக்கும். காடுகளில் அது பெரிய தொல்லை, தயவுசெய்து யாரும் வீட்டில் வளர்க்க வேண்டாம். ஆனால் வேலியில் ஏற்கெனவே நிற்பதைப் பார்த்துக் கற்கலாம். கொத்தின் நடுவில் புதிதாக விரிந்தவை மஞ்சள், ஓரத்தில் பழையவை இளஞ்சிவப்பு அல்லது செம்மஞ்சள். தேன் இருப்பது பெரும்பாலும் மஞ்சளில்தான். பட்டாம்பூச்சி எந்த நிறப் பூவில் குழலை நீட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான பரிசோதனை கிடையாது.

வீட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் வேண்டுமா, கறிவேப்பிலை. இலையின் மேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு எழும்பி, ஒரு நெடி அடிக்கும். எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் புழு அது. வளர்ந்த பிறகு எச்ச வேஷத்தைக் கலைத்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடும். எலுமிச்சை, நாரத்தைச் செடிகளிலும் இருக்கும். தொட்டிச் செடியை மொட்டையாக்கிவிடுகிறதே என்று மருந்தடிப்பவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் இரண்டு கிளையை அதற்கென்று விட்டுவைத்தால் குடி முழுகிப் போகாது. அந்தப் புழுக்களில் பெரும்பாலானவை பட்டாம்பூச்சி ஆவதே இல்லை. தையல்சிட்டு கொத்திக்கொண்டு போகும், ஒட்டுண்ணிக் குளவி அதன் உடம்புக்குள் முட்டையிடும். சன்னல் மூலையில் மண்ணால் சின்னக் குடுவை கட்டும் குளவி வேறு வகைப் புழுக்களைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து வாயை மூடிவிட்டுப் போகும், தன் குஞ்சுக்குச் சாப்பாடாக. மண்கூட்டில் மயங்கிய சிலந்திகள் இருந்தால் அது இன்னொரு வகைக் குளவி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையல் பட்டியல்.

பறவைகளைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. செடியையும் பூச்சியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பறவை ஏன் அங்கே வந்தது என்று எளிதில் புரியும். அப்படிப் பழகாதவர்களுக்கு அது பறந்து போகும் ஒரு நிழல் மட்டுமே.

பறவை விஷயத்தில் கண்ணுக்கு முன் காதை நம்புங்கள். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுவது குயில். கூவுவது ஆண். கரேலென்று இருக்கும், கண் சிவப்பு. பெண் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அது கூவாது, கிக்-கிக்-கிக் என்று கத்தும். குளிர்காலத்தில் குயில் எங்கே போனது என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை, வாயைத்தான் அவ்வளவாகத் திறப்பதில்லை. கோடையில் கூவக் காரணம் இனப்பெருக்கம். காகம் கூடு கட்டும் காலமும் இதுவே என்பதால் பெண் குயில் அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்பே பொரிந்து, முதலில் வாயைத் திறந்து நிற்கும். ஜூன், ஜூலையில் புள்ளி போட்ட ஒரு தடித்த குஞ்சுக்குக் காகம் வேகவேகமாக ஊட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். காகம் குயிலைத் துரத்துவதைத் தினமும் பார்க்கிறோம், ஆனாலும் வேப்பமரத்தில் பழம் பழுக்கும்போது இரண்டும் ஒரே கிளைக்கு வந்து சேரும்.

உச்சி வெயிலில் எல்லாம் அடங்கிய பிறகும் டுக், டுக், டுக் என்று ஒரே தாளத்தில் கேட்கிறதே, அது செம்மார்புக் குக்குறுவான். ஊரில் சிலர் அதைத் தண்ணீர் மோட்டார் சத்தம் என்றே நினைத்திருக்கிறார்கள். குருவியை விடச் சற்றுப் பெரிது, பச்சை முதுகு, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். இத்தனை நிறம் இருந்தும் கண்டுபிடிப்பது கஷ்டம், தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே கத்துவதால் சத்தம் இடம் மாறுவதாகத் தோன்றும். இலை உதிர்ந்த உச்சாணிக் கிளையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆல், அரசு, அத்தி பழுத்திருக்கும் மரம் என்றால் நிச்சயம் இருக்கும். கூடு காய்ந்த கிளையில் அதுவே குடைந்த பொந்து. காய்ந்த கிளையையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டால் அதற்கு வீடில்லை.

எருக்கம்பூவுக்கும் செம்பருத்திக்கும் வரும் தேன்சிட்டைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். வீட்டருகே அதிகம் இருப்பது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. மூன்றாவது கேள்வியை இங்கே கேட்க வேண்டும். எருக்கில் அது தேன் குடிப்பதால் செடிக்குப் பெரிய லாபம் இல்லை, கால் பிளவில் மாட்டும் கதையெல்லாம் அதனிடம் நடக்காது. செம்பருத்தியில் இன்னும் மோசம். பூவின் வாய் வழியாகப் போகாமல் அடிப்பகுதியில் அலகால் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிடும், மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. சுத்தத் திருட்டு. செம்பருத்தியின் அடியில் சின்னக் கிழிசல் இருக்கிறதா என்று காலையில் பார்த்தால் தெரிந்துவிடும். இருசக்கர வண்டிக் கண்ணாடியில் தன் பிம்பத்தோடு சண்டை போடுவதும் இதே ஆசாமிதான்.

அதன் கூடு கிளை நுனியில் தொங்கும் ஒரு பை, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம். கட்டுவது பெண். நாரும் சருகும் மரப்பட்டைத் துணுக்கும் சிலந்தி நூலால் பின்னப்பட்டிருக்கும், தூரத்தில் பார்த்தால் குப்பை ஒட்டியதாகத் தோன்றும். வராந்தாக் கொடியிலும் மின்கம்பியிலும்கூடக் கட்டுகிறது. கோடையில் வீடு ஒட்டடை அடிப்பவர்கள் வெளிப்பக்கத்துச் சிலந்தி வலையில் கொஞ்சத்தை விட்டுவைக்கலாம். கூட்டைக் கண்டுபிடித்துவிட்டால் அருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் அடிக்கடி போகும் இடத்தைக் காகம் கவனிக்கிறது.

காலி மனை பெரிதாக, கல்லும் மண்ணுமாக இருந்தால் செம்மூக்கு ஆள்காட்டி தரையிலேயே முட்டையிட்டிருக்கும். கூடு என்று எதுவும் கிடையாது, சின்னப் பள்ளம், சுற்றிக் கூழாங்கல், அதே நிறத்தில் முட்டை. அந்த வெயிலில் முட்டையை அடைகாப்பதைவிடக் குளிர வைப்பதுதான் வேலை. பறவை நிழலாக நின்றுகொள்ளும், பக்கத்தில் தண்ணீர் இருந்தால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். உங்களைக் கண்டு ஓயாமல் கத்தினால் முட்டை அருகில் என்று பொருள், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறிலிருந்து எட்டு வரை பறவை. வெயில் ஏறிய பிறகு பதினொன்று வரை பட்டாம்பூச்சியும் தேனீயும். கத்திரி வெயிலின் நடுப்பகலில் நீங்கள் நிழலில் இருங்கள். சன்னல் வழியாகப் பார்த்தால் அப்போதும் ஒன்றிரண்டு விஷயம் நடக்கும். காகம் வாயைப் பிளந்து மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும், பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, சூட்டை இப்படித்தான் இறக்க வேண்டும். குச்சி நுனியில் உட்கார்ந்த தட்டான் வாலைச் சூரியனை நோக்கி நேராகத் தூக்கியிருக்கும், உடம்பில் வெயில் படும் பரப்பைக் குறைப்பதற்கு. மாலையில் ஊமத்தம்பூ விரியும் நேரத்தில் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட விட்டில்கள் வரலாம்.

தண்ணீர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆழமான வாளி வேண்டாம், அகலமான மண்சட்டி போதும். உள்ளே ஒரு கல் போடுங்கள், தேனீயும் பட்டாம்பூச்சியும் மூழ்காமல் நின்று குடிக்கும். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் நீங்கள் வளர்ப்பது கொசுவை.

கருவி என்று பார்த்தால் கைப்பேசியும் ஒரு நோட்டும் போதும். தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றால் எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்ற பிரச்சினையும் இருக்கிறது. முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. பெரும்பாலும் அவர்களே மறுநாள் ‘சார், எங்க முருங்கையில ஒண்ணு வந்திருக்கு’ என்று கூப்பிடுவார்கள். நோட்டில் தேதி, நேரம், எந்தச் செடி, என்ன செய்தது, இவ்வளவே. ‘மஞ்சள் பூச்சி, இலைக்கு அடியில், ஐந்து நிமிடம் அசையவில்லை’ என்று எழுதுவது பெயர் மட்டும் எழுதுவதைவிட மேல். படம் எடுத்தால் பூவை மட்டும் எடுக்காமல் இலை, தண்டு, முழுச் செடி மூன்றையும் எடுங்கள், பெயர் கேட்கும்போது இலைதான் உதவும்.

பெயர் வேண்டும் என்ற கட்டம் வந்த பிறகு ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் போட்டால் மற்றவர்கள் உதவுவார்கள். பறவைக் குரலுக்கு மெர்லின் செயலி இருக்கிறது. இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் இருக்க வாய்ப்பே இல்லாத பெயரைச் சில சமயம் தூக்கிப் போடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் செடிப் பெயரை அவர்களிடம் முதலில் கேளுங்கள். நெருஞ்சி, நாயுருவி, தும்பை, குப்பைமேனி, தேள்கொடுக்கு என்று அவர்கள் சொல்லும் பெயர்களில் பாதி செடியின் குணத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். ஆண்டுதோறும் முதல் கொன்றைப் பூ, முதல் குயில் குரல், முதல் வேப்பம்பழம் ஆகிய மூன்றின் தேதியையும் குறித்து வையுங்கள். சில ஆண்டுகள் சேர்ந்தால் அது உண்மையான தரவு. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் பார்த்துப் பதியும் சீசன்வாட்ச் என்ற திட்டம் இந்தியா முழுவதும் நடக்கிறது. விருப்பம் இருந்தால் உங்கள் தெரு மரத்தையும் அதில் சேர்க்கலாம்.

கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் இந்தப் பாடமெல்லாம் தலைகீழாகிவிடும். அன்று சாயங்காலமே ஈசல் கிளம்பும். கரிச்சான், மைனா, காகம், தவிட்டுக்குருவி, பல்லி, தவளை என்று தெருவே பந்தியில் உட்காரும். பூச்சி தின்னாதது என்று நீங்கள் நினைத்திருந்த பறவையும் அன்று தின்னும். மண் ஈரமான இடங்களில் சிவப்பு வெல்வெட்டுத் துணியில் வெட்டி எடுத்ததாகத் தோன்றும் தம்பலப்பூச்சி ஊரலாம், காலை எண்ணுங்கள், எட்டு இருக்கும். அது பூச்சி இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். காய்ந்து கிடந்த மனையில் பத்து நாளுக்குள் பெயர் தெரியாத முளைகள் பத்துப் பதினைந்து வந்துவிடும். அவற்றை இரண்டு இலைப் பருவத்திலேயே படம் எடுத்து வைத்துக்கொண்டு, பூக்கும்வரை வாரம் ஒரு முறை அதே இடத்தில் நின்று எடுத்துக்கொண்டே வந்தால், எது எதுவாயிற்று என்பது ஆடிக்குள் தெரிந்துவிடும்.